நாவில் நிற்கும் ரசம்

சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், மொகிலி மலையேற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்பாக அமைந்திருக்கும் ஊர் பங்காருபாளையம். ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்ததாயினும் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் பகுதி அது. கோடை முடியும் தருவாயில் அங்குள்ள மாங்காய்ச் சந்தைக்கு வந்து சேரும் டிராக்டர்களைப் பார்த்தால், ஊருக்குள் மனிதர்களைவிட மாங்காய்கள்தாம் அதிகமோ என்று தோன்றும். அவற்றில் பெரும்பகுதி தோதாபுரி என்னும் இனம். கிளிமூக்கு மாங்காய் என்று தமிழர் அழைப்பது இதைத்தான். இது பெரும்பாலும் சாறு பிழியும் ஆலைகளுக்கே போகிறது.

2025ஆம் ஆண்டு அந்தப் பருவத்தில் அங்கு ஓர் அன்பர் இல்லத்தில் சத்சங்கம் நடைபெற்றது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், நிலைபெற்ற அறிவுடையவனின் லட்சணங்களைக் கூறும் பகுதி அன்றைய பாடம். பாடம் முடிந்ததும் அந்த வீட்டு இளைஞர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவர் பள்ளி ஆசிரியர். நாள்தோறும் விடியற்காலையில் மொகிலி வரை ஓடுபவர்; மாதம் ஒருமுறை அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறுபவர். பரிசுக்காகவோ பணத்துக்காகவோ ஓடுபவர் அல்லர். ஓட்டத்தின்மேல் கொண்ட அன்பினாலேயே ஓடுபவர்.

"ஐயா, வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது அதன் ருசியையா பார்க்கிறோம்? உடம்புக்கு உணவும் அப்படித்தானே? நான் ஒன்றரை வருடமாக எதையும் ருசிக்காக உண்பதில்லை. எடை போட்டு, கணக்குப் பார்த்துத்தான் உண்கிறேன். இதுவும் ஒருவகை இந்திரிய நிக்ரகம்தானே?"

கேள்வியில் அகந்தை இல்லை. உண்மையான ஆர்வமே இருந்தது. நான் பதில் சொல்வதற்குள், மூலையில் அமர்ந்திருந்த அவருடைய அவ்வா (பாட்டியை அங்கு அப்படித்தான் அழைக்கிறார்கள்) குறுக்கிட்டார். "அதெல்லாம் சரி நாயனா, ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சமையற்கட்டில் பாத்திரம் உருட்டும் பூனை எது?"

எல்லோரும் சிரித்தனர். இளைஞர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை என்னுடன் நடந்து வந்தபோது அவரே விஷயத்தைச் சொன்னார். திருமலையில் பெற்ற லட்டுப் பிரசாதத்தைச் சர்க்கரையும் நெய்யும் என்று கணக்கிட்டு, வாயில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அவ்வாவிடம் கொடுத்துவிடுவாராம். நள்ளிரவில் விழிப்பு வரும். இருட்டில் நின்றபடி, விளக்கும் போடாமல், ஒன்றல்ல, நான்கு லட்டுகளைத் தின்று தீர்ப்பாராம். பிறகு தம்மையே வெறுத்து, அடுத்த நாள் இரட்டிப்புத் தூரம் ஓடுவாராம். "என் வீட்டிலேயே நான் திருடன்போல் நின்றேன் ஐயா" என்றார். இதை அவர் வேறு எவரிடமும் சொன்னதில்லை. அவருடைய அனுமதியுடன் இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இன்று நம் நகரங்களிலும் சிற்றூர்களிலும் அதிகாலையில் ஓடும் இளைஞர்களும் யுவதிகளும் பெருகி வருகின்றனர். அவர்களுள் நம் மிஷன் அன்பர்களும் பலர். இந்தத் துன்பம் இவர் ஒருவருடையது மட்டும் அன்று.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். உணவு எரிபொருள் என்பது பொய்யன்று. நாம் உண்ணும் மாவுச்சத்து கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. சாதாரண மனிதரின் உடலில் இந்தச் சேமிப்பு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்; ஒரு கிராமுக்கு 4 கலோரி வீதம் கணக்கிட்டால் சுமார் 2,000 கலோரி. ஓடும்போது கிலோமீட்டருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1 கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓடினால் 2,500 கலோரி ஆகிவிடும். கையிருப்பைவிடச் செலவு அதிகம். முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் பலருக்குக் கால்கள் கல்லாகிப் போவதற்கு இது முக்கிய காரணம். ஆகவே ஓடுபவர் எதை, எப்போது, எவ்வளவு உண்பது என்று சிந்திப்பது விவேகமே. அதில் குறை காண ஏதுமில்லை.

ஆனால் பெட்ரோல் உவமை பாதி வழியில் நின்றுவிடுகிறது. வண்டி வேறு, பெட்ரோல் வேறு. பெட்ரோல் ஒருபோதும் வண்டியாக மாறுவதில்லை. நாம் உண்ட உணவோ நாமாகவே ஆகிறது. தைத்திரீய உபநிஷதம் இந்த உடலை அன்னமயம் என்றே அழைக்கிறது. அந்த உபநிஷதத்தில் பிருகு என்னும் மாணவர் தந்தை வருணனின் சொற்படி தவம் செய்து, அன்னமே பிரம்மம் என்று முதலில் கண்டு, பிறகு பிராணன், மனம், விஞ்ஞானம் என்று படிப்படியாகக் கடந்து ஆனந்தத்தை அடைகிறார். அத்துடன் கதை முடிந்துவிடும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் உபநிஷதம் உடனே மீண்டும் அன்னத்திற்கே திரும்பி வருகிறது. அன்னத்தை நிந்திக்கக் கூடாது என்பதை ஒரு விரதமாகவே விதிக்கிறது. ஆனந்தத்தை அறிந்தவனுக்கும் இந்த விரதம் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். கடந்து போன படியை அவன் எட்டி உதைப்பதில்லை.

இனி அன்றைய பாடத்திற்கு வருவோம். இரண்டாம் அத்தியாயத்தின் 59வது சுலோகத்தில் பகவான் ஒரு நுட்பமான விஷயத்தைத் தொடுகிறார். புலன்களுக்கு உணவு கொடுக்காமல் பட்டினி போடுபவனை விட்டு விஷயங்கள் விலகிப் போகலாம். ஆனால் அவற்றின்மேல் உள்ள ருசி உள்ளேயே தங்கிவிடும். பரம்பொருளைக் கண்ட பிறகே அதுவும் தேயும் என்பது அதன் கருத்து. ருசி என்பதற்கு அங்கே வரும் சொல் ரசம். லட்டு அவ்வாவின் டப்பாவுக்குப் போய்விட்டது. லட்டின் ரசம் இளைஞரின் மனத்தை விட்டுப் போகவில்லை. பகலில் அதற்கு இடம் கிடைக்காததால் இரவில் வந்தது.

இதை நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் நிரூபித்துக் காட்டிய ஓர் ஆராய்ச்சி உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், ஐரோப்பாவில் பட்டினியால் வாடும் மக்களை எவ்வாறு தேற்றுவது என்று அறிவதற்காக, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் விஞ்ஞானி 1944-45ஆம் ஆண்டுகளில் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து அதில் பங்கேற்றனர். ஆறு மாத காலம் அவர்களுக்கு உணவு ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டது; ஆனால் வாரம் 22 மைல் நடந்தே ஆக வேண்டும். உடல் எடையில் கால் பங்கு கரைந்தது. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அவர்கள் மனத்தில் நிகழ்ந்தது. உயர்ந்த லட்சியங்களுக்காக வந்த அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கினர், உணவைப் பற்றியே பேசினர், கனவிலும் உணவையே கண்டனர், தட்டுகளை நக்கினர். மீண்டும் உணவு தாராளமாகக் கிடைத்தபோது சிலர் எவ்வளவு உண்டும் திருப்தியடையாமல் தவித்தனர். அவர்கள் மன உறுதியற்றவர்கள் அல்லர். உடலுக்கு உரியதைக் கொடுக்காமல் இருந்தால் மனம் முழுவதும் நாவாகிவிடுகிறது என்பதே அங்கு வெளிப்பட்டது.

நம் இளைஞரின் நிலையும் இதுதான். நாளுக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஓடாத மனிதர் உண்பதைவிடக் குறைவாக உண்டுகொண்டிருந்தார். அவருடைய நள்ளிரவுப் பசியில் பாதிக்கு மேல் பாவமும் அன்று, பலவீனமும் அன்று. கடன்காரன் வாசலில் வந்து நின்று நியாயமாகக் கேட்கும் பாக்கி. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ஆம் ஆண்டு இந்தக் குறைபாட்டிற்குத் தனிப் பெயரே சூட்டி அறிக்கை வெளியிட்டது. 2023ஆம் ஆண்டில் அதைப் புதுப்பித்தது. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாதபோது எலும்பு பலமிழக்கிறது, நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது, மனம் சோர்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகிறது. சில யுவதிகள் இதைத் தம் பயிற்சியின் தீவிரத்திற்கு அடையாளம் என்று எண்ணிப் பெருமைப்படுவதாகக் கேள்விப்படுகிறேன். அது பெருமைக்குரியது அன்று. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறி. ஒளித்து உண்பதும், உண்டதற்குத் தண்டனையாக ஓடுவதும் தொடர்ந்தால் அதற்கும் மருத்துவ உதவியைத் தயங்காமல் நாட வேண்டும். ஜபம் செய்தால் சரியாகிவிடும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

"அப்படியானால் நாக்கு கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவதா?" என்று அவர் கேட்டார்.

இதற்கு விடை பதினேழாவது அத்தியாயத்தில் இருக்கிறது. சாத்வீக உணவு எது என்று அர்ஜுனனுக்கு விளக்கும்போது பகவான் ஆயுள், பலம், ஆரோக்கியம் ஆகியவற்றை வளர்ப்பது என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. சுகத்தையும் பிரியத்தையும் அவற்றுடனேயே சேர்த்துச் சொல்கிறார். ரசமுள்ளதாகவும் இதயத்திற்கு இனியதாகவும் இருக்க வேண்டும் என்கிறார். எரிபொருளையும் ருசியையும் அவர் இரண்டாகப் பிரிக்கவே இல்லை. அதைவிட வியப்பு, தாமச உணவின் பட்டியல். சமைத்து வெகுநேரம் ஆனதும் ரசம் போனதும் அதில்தான் வருகின்றன. நம் இளைஞர் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் உப்பும் காரமும் இன்றி வேகவைத்து, ஏழு டப்பாக்களில் அடைத்து, குளிர்பெட்டியில் அடுக்கி வாரம் முழுவதும் உண்பவர். இந்தச் சுலோகத்தின் பொருளைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சற்று இரக்கமாகிவிட்டது. பெருமுயற்சி எடுத்துத் துறவியின் உணவை உண்பதாக எண்ணிக்கொண்டிருந்தார். பகவானோ அதை வேறு அறையில் வைத்துவிட்டார்! அவசரத்திற்கு ஒருநாள் பழையதை உண்பதைப் பற்றி நான் பேசவில்லை. ரசத்தைக் கொல்வதே வைராக்கியம் என்று எண்ணிச் செய்வதைத்தான் சொல்கிறேன்.

மகாத்மா காந்தி அஸ்வாதம் என்று, ருசிக்காக உண்ணாமையை ஆசிரம விரதங்களுள் ஒன்றாக வைத்தாரே என்று இங்கே சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1930ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களுடன் புறப்பட்டு, 24 நாட்களில் 240 மைல் நடந்து தண்டியை அடைந்தபோது அவருக்கு வயது அறுபது. அந்த நடையைத் தேகப்பயிற்சியாகப் பார்த்தாலும் பெரிய சாதனைதான். வழியில் கிராமத்தார் மிக எளிய உணவையே தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தொண்டர்களின் சாப்பாட்டில் ஆடம்பரம் புகுந்ததைக் கண்டபோது வெளிப்படையாகவே வருந்திப் பேசினார். ஆனால் அந்த வருத்தத்தின் காரணத்தைப் பார்க்க வேண்டும். தம் உடல் எடையையோ நடையின் வேகத்தையோ எண்ணி அவர் வருந்தவில்லை. அரைவயிறு உண்ணும் கிராமத்தான் முன்னால் தாம் எப்படி உண்பது என்பதே அவர் கவலை. அங்கே ருசியைவிடப் பெரிய ஒன்று மனத்தை நிறைத்திருந்தது; ருசி தானாகவே சிறுத்தது. 59வது சுலோகத்தின் பின்பாதி அதுவே. கடிகாரத்தில் இரண்டு நிமிடம் குறைய வேண்டும் என்பதற்காக விடப்படும் ருசிக்கு அந்தக் கதி கிட்டாது. ஏனெனில் அங்கே ஓர் ஆசைக்குப் பதில் இன்னோர் ஆசை உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

மாஞ்சந்தையைத் தாண்டி நடக்கையில் அந்த ஊர் மாங்காயின் பெயர் எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. ஸ்ரீராமகிருஷ்ணருக்கு அத்வைத சாதனையைக் கற்பித்த குருவின் பெயரும் தோதாபுரிதான். (மாங்காய்க்கும் துறவிக்கும் உறவு ஏதுமில்லை, கிளியின் மூக்கைப் போன்ற வடிவால் வந்த பெயர் என்று மாங்காய்க்குச் சொல்வார்கள்.) இரும்பைப் போன்ற உடல் படைத்த அந்தத் துறவி தட்சிணேசுவரத்தில் பதினொரு மாதங்கள் தங்கினார். சக்தி வழிபாட்டை அவர் ஏற்கவில்லை. எல்லாம் மாயை என்று ஒதுக்குபவர். வங்காளத்து நீரும் உணவும் ஒத்துக்கொள்ளாமல் அவரைக் கடுமையான சீதபேதி பற்றியது. வலியால் மனத்தைத் தியானத்தில் நிறுத்த முடியாமல் போனபோது, இந்த உடலே இடையூறு, இதை விட்டுவிடுவோம் என்று இரவில் கங்கையில் இறங்கி நடந்தார். நடக்க நடக்க, மூழ்குவதற்குரிய ஆழம் எங்குமே அகப்படவில்லை என்று அவர் வரலாறு கூறுகிறது. அந்த நீரின் நடுவில்தான், தாம் இதுநாள்வரை மாயை என்று தள்ளிய சக்தியையே அவர் அன்னையாகக் கண்டார். உடலைத் தூக்கி எறியப் போனவர், உடலும் அவளுடையது என்று கரை திரும்பினார். தம் உடலோடு பகை கொண்ட எவரும் ஒருமுறையேனும் நினைத்துப் பார்க்க வேண்டிய சம்பவம் இது.

சந்தையில் அன்று வேறொரு காட்சியும் கண்டோம். அந்த ஆண்டு தோதாபுரியின் விலை படுவீழ்ச்சி அடைந்திருந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அதற்கு மேல் அரசு 4 ரூபாய் தரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் சுமையை இறக்க முடியாமல் வண்டிகள் காத்துக் கிடந்தன. பறிகூலிக்கும் வண்டிவாடகைக்கும் கட்டாது என்று முதியவர் ஒருவர் எங்களிடம் சொன்னார். இளைஞர் நாள்தோறும் இந்த வண்டிகளைக் கடந்துதான் ஓடுகிறார். மாம்பழத்தில் எத்தனை கிராம் சர்க்கரை என்பது அவருக்கு மனப்பாடம். அதைப் பயிரிட்டவன் அந்த ஆண்டு எப்படிப் பிழைத்தான் என்பது தெரியாது. அவரை மட்டும் குறை சொல்வானேன், ருசிக்காக உண்பவர்களுக்கும் அது தெரியாதே! உணவை எரிபொருளாகக் காண்பவனும் இன்பமாகக் காண்பவனும் ஒரு விஷயத்தில் ஒத்துப் போகிறார்கள். இருவருக்குமே உணவு 'எனக்கு' என்பதில் தொடங்கி 'எனக்கு' என்பதில் முடிகிறது. தனக்கென்று மட்டும் சமைப்பவனைப் பற்றி மூன்றாம் அத்தியாயம் கடுமையாகவே பேசுகிறது. அடுத்த சுலோகத்திலேயே உணவு, மழை, வேள்வி என்று அந்தச் சங்கிலியை நம் தட்டிலிருந்து வானம் வரை நீட்டிக் காட்டுகிறது.

எனவே இரண்டில் எது என்ற கேள்விக்குப் பதிலாக, 64வது சுலோகத்தில் வரும் ஒரு சொல்லை அவருக்கு நினைவூட்டினேன். விருப்பு, வெறுப்பு இரண்டிலிருந்தும் விடுபட்ட புலன்களோடு விஷயங்களிடையே நடமாடுபவன் அடைவதை பகவான் 'பிரசாதம்' என்றே அழைக்கிறார். தெளிவு என்பது பொருள். அவன் விஷயங்களை விட்டு ஓடவில்லை; அவற்றினிடையே நடமாடுகிறான். விருப்பு மட்டுமல்ல, வெறுப்பும் நீங்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். லட்டைக் கண்டு பாய்வது விருப்பு. லட்டைக் கண்டு அஞ்சுவது வெறுப்பு. ஒரே மனிதரிடம் பகலில் ஒன்றும் இரவில் மற்றொன்றும் குடியிருந்தன.

திருமலை லட்டு கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, ஏலம் இவற்றால் ஆனது. 2009ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. எடை 175 கிராம். உடலுக்கு அது என்ன தருமோ அதைத் தரும். பக்தியால் அதன் சர்க்கரை குறைந்துவிடாது. நீரிழிவுள்ளவர் ஒரு துளியோடு நிறுத்த வேண்டியதே. ஆயினும் பழைய வழக்கத்தைப் பாருங்கள். ஒருவர் மலையேறிப் பெற்று வந்த லட்டை யாரும் தனியே தின்பதில்லை. பிட்டு, தெருவில் நான்கு வீட்டுக்குக் கொடுத்து, கடைசியில் தமக்கு ஒரு நெல்லிக்காயளவு வைத்துக்கொள்வார்கள். அளவும் அதிலேயே அமைந்துவிட்டது, ஆனந்தமும் குறையவில்லை. தராசு தேவைப்படவில்லை. அதே மலையில் அன்னப்பிரசாதக் கூடத்திற்குத் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சித்தூர் சீமையில் பிறந்து வளர்ந்து திருமலையில் வாழ்ந்து மறைந்த 18ஆம் நூற்றாண்டுக் கவி அந்த அம்மையார். அங்கே பந்தியில் அமரும் ஓட்டக்காரருக்கும் ஓடாதவருக்கும் ஒரே இலைதான்.

நடைமுறையில் என்ன செய்வது என்று அவர் கேட்டதற்குச் சில எளிய விஷயங்களையே கூறினேன். ஓடுமுன் ஒரு வாழைப்பழமாவது உண்ண வேண்டும். ஓடி வந்த ஒரு மணி நேரத்திற்குள் அன்று சமைத்த சூடான உணவை, நின்றுகொண்டு அல்ல, அமர்ந்து, அவ்வாவுடன் உண்ண வேண்டும். எடைத்தராசை ஒரு மாதம் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். முதற்கவளத்திற்கு முன், உயிர்களின் வயிற்றில் வைசுவானரனாக நின்று அன்னத்தைச் செரிப்பவன் தானே என்று பகவான் பதினைந்தாம் அத்தியாயத்தில் கூறுவதைச் சில விநாடி நினைக்க வேண்டும். உண்ணுகையில் கைப்பேசி வேண்டாம். பிறர் ஓடிய தூரத்தையும் வேகத்தையும் பார்த்துக்கொண்டே உண்டால் அதுவும் ஓர் ஆகாரமாக உள்ளே போகிறது. புலன்களால் உள்ளே கொள்ளப்படுவதெல்லாம் ஆகாரமே என்று சாந்தோக்கிய உரையில் ஆதிசங்கரர் பொருள் கண்டிருக்கிறார். கடைசியாக, இரவில் பசி வந்தால் விளக்கைப் போட்டுவிட்டு, தட்டில் எடுத்துவைத்து, அமர்ந்து உண்ண வேண்டும் என்றேன். இதைக் கேட்டதும் அவர் கண்கள் கலங்கின. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகையில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மருத்துவரைப் பார்த்ததாகவும், எடை மூன்று கிலோ கூடியிருப்பதாகவும், முதலில் அது மிகவும் வருத்தியதாகவும் எழுதியிருந்தார். மொகிலி ஏற்றத்தில் முன்பைவிட மூச்சு வாங்கவில்லையாம். இரவு விழிப்பு அடியோடு போய்விடவில்லை. மாதத்தில் இரண்டு மூன்று நாள் இன்னும் வருகிறது. அப்படி ஒருநாள் விளக்கைப் போட்டபோது அவ்வா எழுந்து வந்து, எதுவும் கேட்காமல், மோர்சாதம் பிசைந்து கிளிமூக்கு மாங்காய் ஊறுகாயுடன் இருவருக்கும் தட்டு வைத்தாராம். "உப்பு கொஞ்சம் தூக்கல் ஐயா" என்று கடிதத்தை முடித்திருந்தார்.